263 கோடி புஷல், 3,704 பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விவசாயம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2024-இல் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளம் ஏக்கருக்கு 211 புஷல் கண்டது, மாநில மொத்தம் சுமார் 263 கோடி புஷல், இதுவரை இல்லாத மகசூல் என்று எழுதியிருந்தீர்கள். எண்களில் பிழையில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், இந்த விளைச்சலால் அங்குள்ள கிராமப்புறம் செழித்து வருகிறது என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடத்துக்கு மேல் பயிர்க் கணக்கோடு வாழ்ந்தவன். மகளும் மாப்பிள்ளையும் அயோவாவில் வாக்கீ என்ற ஊரில் இருக்கிறார்கள். மூன்றாவது முறையாக வந்து ஆறு மாதம் தங்கியிருக்கிறேன். பழக்கம் விடவில்லை. பேரன் பள்ளிக்குப் போனதும் கணினியைத் திறந்து இந்த மாநிலத்தின் பயிர்ப் பட்டியலையும் மக்கள்தொகைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒன்றை மட்டும் பார்த்தால் கிடைக்கும் படம் வேறு, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் படம் வேறு.

முதலில் விளைச்சல். ஒரு புஷல் மக்காச்சோளம் என்பது 56 பவுண்டு, நம் கணக்கில் 25.4 கிலோ. அப்படியானால் ஏக்கருக்கு 211 புஷல் என்பது 53 குவிண்டாலுக்கு மேல். மாநில மொத்தம் ஏறத்தாழ 6 கோடியே 68 லட்சம் டன். இந்தியா முழுவதும் ஓராண்டில் விளையும் மக்காச்சோளத்தைவிட இந்த ஒரு மாநிலத்தில் விளைவது அதிகம். இதைச் சாதனை என்று சொன்னதில் தவறே இல்லை. 1930-களில் இதே மண்ணில் ஏக்கருக்கு 40 புஷல் வந்தாலே நல்ல வெள்ளாமை. வீரிய ஒட்டு விதை, உரம், இயந்திரம் எல்லாம் சேர்ந்து அதை ஐந்து மடங்காக்கியிருக்கின்றன. அந்த உழைப்பையும் ஆராய்ச்சியையும் மனதாரப் பாராட்டுகிறேன்.

இப்போது தலைக்கணக்கு. அயோவாவில் 99 கவுண்டிகள். கவுண்டி என்பது பரப்பில் நம் வட்டத்தைவிடப் பெரியது, அதிகாரத்தில் நம் மாவட்டம் மாதிரி. 2020 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை 31,90,369. பத்தாண்டுக்கு முன்பு இருந்ததைவிடக் கூடுதல்தான். மாநில மொத்தத்தோடு நிறுத்திக்கொண்டால் பயிரும் ஏறுகிறது, ஆளும் ஏறுகிறார்கள், எல்லாம் நலம் என்றுதான் தோன்றும். கவுண்டி வாரியாகப் பிரித்தால் 99-இல் 68 கவுண்டிகளில் ஆள் குறைந்திருக்கிறார்கள்.

கூடியிருப்பது எங்கே? என் மகள் இருக்கும் டல்லஸ் கவுண்டி மாதிரி, தலைநகர் டெமாய்னை ஒட்டிய இடங்களில். டல்லஸ் கவுண்டியில் 2010-இல் 66,135 பேர், 2020-இல் 99,678 பேர். பத்தே வருடத்தில் பாதிக்குப் பாதி ஏற்றம். மகள் வீட்டுப் பின்கட்டில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். முதல் தடவை வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் சோளத் தட்டை ஆளுயரத்துக்கு மேல் நின்றது. இந்தத் தடவை அங்கே வரிசையாக வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு வட்டச் சாலை.

குறைந்திருப்பது எங்கே? சோளம் விளைகிற இடங்களில். மாநிலத்தின் வடக்கே கொசூத் கவுண்டி. பரப்பில் மாநிலத்திலேயே பெரியது, மக்காச்சோள விளைச்சலில் பல ஆண்டுகள் முதலிடம் பிடித்தது. 1940-இல் அங்கே 26,630 பேர். 2020-இல் 14,828 பேர். தென்மேற்கே ஆடம்ஸ் கவுண்டியில் 1900-இல் 13,000-க்கு மேல் இருந்தார்கள். 2020-இல் 3,704 பேர், மாநிலத்திலேயே மிகக் குறைவு. மன்னார்குடியில் ஒரே ஒரு பெரிய தெருவில் குடியிருக்கும் ஜனம் ஒரு முழுக் கவுண்டியில் பரவிக் கிடக்கிறது.

ஏன் இப்படி என்பதற்கு அமெரிக்க வேளாண் துறையின் பழைய கணக்கு ஒன்றே போதும். 1890 வாக்கில் 100 புஷல் மக்காச்சோளம் விளைவிக்க 35 முதல் 40 மணி நேர ஆள் உழைப்பு தேவைப்பட்டது. 1987-இல் அதே 100 புஷலுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது இன்னும் குறைவாகத்தான் இருக்கும். 1930-களில் அயோவாவில் 2 லட்சத்துக்கு மேல் பண்ணைகள் இருந்தன. 2022 வேளாண் கணக்கெடுப்பில் 86,911. விளைச்சல் கூடியதற்கு எது காரணமோ அதுவே ஆள் குறைந்ததற்கும் காரணம். ஆகவே விளைச்சல் எண்ணைக் காட்டி ஊர் செழிக்கிறது என்று எழுதுவது, கணக்கு தெரிந்தவன் என்ற முறையில் எனக்குப் பொறுக்கவில்லை.

போன அக்டோபரில் மாப்பிள்ளைக்கு இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. "மாமா, எங்கே போகலாம்?" என்று கேட்டார். நயாகரா, சிகாகோ என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. கொசூத் கவுண்டி என்றேன். அதன் தலைநகரான அல்கோனாவுக்குக் காரில் போனோம்.

இங்கே நிலத்தை அளந்த விதமே வேறு. மைலுக்கு ஒரு சாலை நேர்கோட்டில் ஓடும், குறுக்கே மைலுக்கு ஒரு சாலை. நடுவில் சிக்கும் ஒரு சதுர மைல் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். அந்தக் காலத்தில் அதை நாலு கால் பங்காகப் பிரித்து 160 ஏக்கருக்கு ஒரு குடும்பம் என்று குடியமர்ந்தார்கள். செக்‌ஷனுக்கு நாலு வீடு, நாலு செக்‌ஷன் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், நாலைந்து மைலுக்கு ஒரு சர்ச், ஒரு கடைத்தெரு. குளிர்காற்றைத் தடுக்க வீட்டுக்கு வடக்கிலும் மேற்கிலும் மரம் நட்டிருப்பார்கள். இப்போது வீட்டை இடித்து உழுதுவிட்டார்கள். சில இடங்களில் மரங்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் அறுத்துப் போட்ட தாள், நடுவில் ஒட்டாமல் நிற்கும் ஒரு சிறு தோப்பு. அது ஒரு வீடு இருந்த இடம். ஒரு சாலையில் பத்து மைல் போவதற்குள் அப்படிப்பட்ட தோப்பு பதினேழு எண்ணினேன். விளக்கு எரிந்த வீடு ஆறு.

ஒரு சிற்றூரில் தானியக் கிடங்குக்கு எதிரே இருந்த காபிக் கடையில் உட்கார்ந்தோம். வெளியே லாரிகளும் டிராக்டர் வண்டிகளும் சோளத்தோடு வரிசை கட்டி நின்றன. பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியிருப்பார். ஊருக்குப் புதுசு என்று பார்த்ததும் தெரிந்துகொண்டு அவரே பேச்சுக் கொடுத்தார். அவரும் மகனுமாக 1,200 ஏக்கர் பார்க்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் குத்தகை. அவர் சிறுவனாக இருந்தபோது அவர் செக்‌ஷனில் அவர் குடும்பத்தையும் சேர்த்து நாலு குடும்பங்கள் இருந்தனவாம். இப்போது அவர் வீடு மட்டும். அவர் படித்த உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்ந்து, அது இன்னொன்றோடு சேர்ந்து, இப்போது மூன்று ஊர்ப் பெயரைக் கோத்து ஒரு பெயர். அதிலும் கால்பந்து அணிக்கு ஆள் திரட்டச் சிரமப்படுகிறார்கள்.

நானும் பயிர்க் கணக்கு எடுத்தவன் என்று மாப்பிள்ளை சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. வருடக் கடைசியில் வேளாண் புள்ளியியல் துறையிலிருந்து படிவம் வரும், எத்தனை ஏக்கர் விதைத்தாய், எத்தனை புஷல் கண்டாய் என்று கேட்பார்கள், நான் நிரப்பி அனுப்புவதில்லை என்றார். ஏன் என்றேன். "நல்ல விளைச்சல் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம், அறிக்கை வந்த அன்றே விலை இறங்குகிறது" என்றார். இது அவர் ஒருவருடைய மனக்குறை இல்லை. 1990-களின் தொடக்கத்தில் இந்தப் படிவங்களுக்கு நூற்றுக்கு 80 முதல் 85 பேர் பதில் சொன்னார்கள். பின்னாளில் அது 60-க்கும் கீழே போய்விட்டது.

அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். பெரிய தானிய வியாபாரிகளிடம் செயற்கைக்கோள் படம் இருக்கிறது, சொந்தமாகக் கணிப்பாளர்கள் இருக்கிறார்கள். அரசு எண் நின்றுபோனால் அவர்களுக்கு ஒன்றும் குறையாது. கண் இல்லாமல் போவது விவசாயிக்குத்தான். அமெரிக்காவில் 1863-லேயே அரசின் மாதப் பயிர் அறிக்கை தொடங்கியதற்கு அதுவே காரணம். 1905-இல் பருத்திக் கணக்கை ஓர் அலுவலர் முன்கூட்டியே வெளியே கசியவிட்டு ஊழலாகிப் போனதிலிருந்து, அறிக்கை வெளியாகும் நாளில் வாஷிங்டனில் கதவைப் பூட்டி, தொலைபேசியைத் துண்டித்து, ஜன்னல் திரையை மூடிவிட்டுத்தான் இறுதிக் கணக்குப் போடுகிறார்கள். பகல் 12 மணிக்கு எல்லோருக்கும் ஒரே நொடியில் எண் கிடைக்கும். அயோவாவில் அப்போது 11 மணி. அந்த நேரத்தில் அந்தக் காபிக் கடையில் எல்லோரும் கையில் போனை வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவரே சொன்னார்.

மகசூலை அமெரிக்கப் புள்ளியியல் துறையினர் வயலில் அளக்கும் முறையைக் கேட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. களப்பணியாளர் வயலின் ஓரத்திலிருந்து இத்தனை வரிசை, உள்ளே இத்தனை எட்டு என்று முன்கூட்டியே குலுக்கலில் விழுந்த எண்ணின்படி நடந்து போய், அடுத்தடுத்த இரண்டு வரிசைகளில் 15 அடி நீளம் அளந்து குறிப்பார். அதற்குள் எத்தனை தட்டை, எத்தனை கதிர் என்று எண்ணுவார். முற்றியதும் கதிரை ஒடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்.

நாங்கள் சம்பா நெல்லுக்குச் செய்வதும் இதேதான். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, ரேண்டம் எண்படி நீளவாக்கில் இத்தனை எட்டு, அகலவாக்கில் இத்தனை எட்டு நடந்து முளைக்குச்சி அடிப்போம். 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, மூலைவிட்டம் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வருகிறதா என்று டேப் பிடித்துப் பார்ப்போம். வராவிட்டால் சதுரம் கோணல் என்று அர்த்தம், முளையைப் பிடுங்கித் திரும்ப அடிக்க வேண்டும். கயிற்றின் மேலேயே ஒரு குத்து நின்றால் குனிந்து வேரைப் பார்ப்போம், வேர் உள்ளே இருந்தால் அது கணக்கில் சேரும். நிலத்துக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, "சார், அந்தப் பக்கம் தண்ணி நின்னு அழுகிப் போச்சு, அங்க போடுங்க சார்" என்று கெஞ்சுவார். காப்பீட்டுத் தொகை கிடைக்க வேண்டுமே என்ற தவிப்பு. மனம் இளகும். ஆனால் எண் விழுந்த இடத்தை விட்டு ஓர் எட்டு நகர்த்தினால் அந்த ஊர்க் கணக்கே பொய்யாகிவிடும். அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு எழுதுவோம்.

அந்த எண் யாருக்கு என்பதுதான் முக்கியம். நம் டெல்டாவில் நெல் காப்பீட்டுக்கு வருவாய் கிராமம்தான் அலகு. ஒரு வருடம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துக் கிராமத்துக்கு இழப்பீடு வந்தது, அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. அலுவலகத்துக்கு முப்பது பேர் வந்து நின்று கேட்டார்கள். மாவட்டச் சராசரியை அவர்களிடம் காட்டி என்ன பயன்? அவர்கள் ஊரின் எண்ணைக் காட்ட வேண்டியிருந்தது, காட்டினேன். அயோவாவிலும் இதே கதைதான். 2014-இல் வந்த வேளாண் சட்டத்தில் ஒரு மானியத் திட்டம் உண்டு. கவுண்டியின் சராசரி வருமானம் ஒரு அளவுக்குக் கீழே போனால்தான் அந்தக் கவுண்டி விவசாயிகளுக்குப் பணம். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கவுண்டி, அந்தப் பக்கம் வேறு கவுண்டி என்றால், ஒரே மழையில் நனைந்த இரண்டு வயல்களில் ஒன்றுக்குப் பணம் வரும், மற்றதற்கு வராது. கவுண்டி எண் சரியாக இருக்க வேண்டியதன் அவசியம் அந்த விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும்.

மாநிலச் சராசரி எப்படி மறைக்கும் என்பதற்கு 2020 ஆகஸ்ட் 10-ஐச் சொல்ல வேண்டும். அன்று டெரேச்சோ என்ற நீண்ட புயல்காற்று மாநிலத்தின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஓடியது. மார்ஷல், டாமா, பென்டன், லின் கவுண்டிகளில் கதிர் பிடித்து நின்ற சோளம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. அறுப்பு மிஷினால் எடுக்க முடியாமல் அப்படியே உழுது போட்ட வயல்கள் ஏராளம். அந்த வருடத்து மாநிலச் சராசரியைப் பாருங்கள், ஏக்கருக்கு 180 புஷலுக்குச் சற்றுக் கீழே. ஏதோ சுமாரான வருடம் என்று கடந்து போய்விடலாம். ஒன்றுமே கிடைக்காத குடும்பமும் வழக்கம்போல் அறுத்த குடும்பமும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன.

ஆசிரியர் அவர்களே, இப்போது சொல்லப்போவதுதான் என்னை மிகவும் உறுத்துவது. ஆள் குறையக் குறைய அந்த ஊரின் எண்ணும் மறைந்துவிடுகிறது. ஒரு கவுண்டியின் பயிர் எண்ணை வெளியிட வேண்டுமானால் போதுமான விவசாயிகளின் விவரம் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கவுண்டியின் பெயர் பட்டியலில் இராது, "மற்ற கவுண்டிகள்" என்று மொத்தமாக ஒரு வரியில் சேர்ந்துவிடும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் வேளாண் கணக்கெடுப்பிலும், தனி ஒருவரின் விவரம் வெளியே தெரிந்துவிடும் என்றால் எண்ணுக்குப் பதிலாக "டி" என்று ஓர் எழுத்தைப் போடுகிறார்கள். தனிமனிதர் ரகசியம் காக்கப்பட வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பண்ணைகள் குறைந்த கவுண்டிகளில் வரிசை வரிசையாக அந்த எழுத்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. முதலில் வீடு போயிற்று, பிறகு பள்ளிக்கூடம் போயிற்று, கடைசியில் பட்டியலில் இருந்த இடமும் போகிறது.

2024 ஏப்ரலில், பணப் பற்றாக்குறையைக் காரணம் சொல்லி, கவுண்டி வாரியான பயிர், கால்நடை மதிப்பீடுகளை அடியோடு நிறுத்துவதாக அமெரிக்க வேளாண் புள்ளியியல் துறை அறிவித்தது. விவசாயச் சங்கங்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் குரல் கொடுத்த பிறகு, அதே வருடம் அவற்றைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். செலவைக் குறைக்க நினைத்தபோது மாநில எண்ணில் கை வைக்கவில்லை, கவுண்டி எண்ணில்தான் கை வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். காபிக் கடைப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் படிவத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றார்.

விலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2022-23 பருவத்தில் விவசாயிக்குக் கிடைத்த சராசரி விலை புஷலுக்கு 6 டாலர் 54 சென்ட். அடுத்த பருவத்தில் 4 டாலர் 55 சென்ட். தாங்கள் எழுதிய சாதனை விளைச்சலுக்கு அதையும்விடக் குறைவாகத்தான் கிடைத்தது. களம் நிரம்பியது, கை நிரம்பவில்லை.

எங்கோ இருக்கும் அயோவாவைப் பற்றி நமக்கு எதற்கு இவ்வளவு என்று வாசகர்கள் கேட்கலாம். அவர்களிடம் 2020 கணக்காவது கையில் இருக்கிறது, அதனால்தான் என்னால் இவ்வளவு எழுத முடிந்தது. நம் நாட்டில் 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போனது. கூத்தாநல்லூர்ப் பக்கத்து ஒரு கிராமத்தில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் 2011-ஆம் வருட எண்ணைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கோரிக்கை சிறியது. அடுத்த முறை ஒரு மாநிலத்தின் விளைச்சலைப் பற்றி எழுதும்போது, அது அயோவாவாக இருந்தாலும் தமிழ்நாடாக இருந்தாலும், கீழே ஒரு சிறிய கட்டம் கட்டி, அதிகம் விளைந்த ஐந்து கவுண்டிகள் அல்லது வட்டங்களின் பெயர், ஏக்கருக்கு எவ்வளவு மகசூல், அங்கே பத்தாண்டுக்கு முன்பு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்று நாலு நெடுவரிசையாகப் போடுங்கள். அயோவாவுக்கான பட்டியலை நானே தயாரித்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். கொசூத் முதல் வரியில் இருக்கிறது. எண்களை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். தட்டச்சில் பிழை வராமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர்,
மன்னார்குடி (தற்போது வாக்கீ, அயோவா)